முதல் டவர் எந்த ஊருக்கு?

கையில் இருப்பது பத்தாயிரம் ரூபாய். வீட்டில் காத்திருக்கும் செலவோ இருபதாயிரம் ரூபாய்க்கு இருக்கிறது. ஓடு உடைந்து மழை ஒழுகுகிறது. வாசல் கதவுக்கு வர்ணம் பூச வேண்டும். பையன் புது சைக்கிள் கேட்கிறான். எதை முதலில் செய்வது?

இதற்குப் பதில் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். குடும்பம் நடத்தும் எந்தத் தாயும் சொல்லிவிடுவாள். "முதலில் ஒழுகல் நிற்கட்டும். வர்ணத்தைப் பொங்கலுக்குப் பார்த்துக் கொள்ளலாம்" என்பாள்.

செல்போன் டவர் விஷயத்திலும் இதே கேள்விதான். டவர் கேட்கும் ஊர்கள் பல. பணமோ அளவானது. எந்த ஊருக்கு முதலில் கொடுப்பது? எந்த வேலையைத் தள்ளி வைப்பது? இதை என்ஜினீயர்கள் மட்டும் பேசினால் போதாது. நாமும் பேச வேண்டும். ஏனென்றால், பணம் நம்முடையது.

மூன்று வகை ஊர்கள்

உடுமலைப்பேட்டையை எடுத்துக் கொள்வோம். இந்தத் தாலுகாவில் மூன்று வகை ஊர்கள் இருக்கின்றன.

முதலாவது, டவுன். கடைவீதி, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, தக்காளி மண்டி, நூல் மில்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன. எல்லாக் கம்பெனி டவரும் இங்கே இருக்கும்.

இரண்டாவது, சமவெளிக் கிராமங்கள். பூளவாடி, குடிமங்கலம், பெதப்பம்பட்டி பக்கம் போனால், பாலக்காட்டுக் கணவாயில் இருந்து வரும் காற்றில் காற்றாலைகள் சுற்றுகின்றன. தென்னையும் தக்காளியும் விளைகின்றன. இங்கே சிக்னல் உண்டு. ஆனால் ஊருக்கு ஊர், தோட்டத்துக்குத் தோட்டம் கூடும், குறையும்.

மூன்றாவது, மலை ஊர்கள். குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, ஈசல்தட்டு, கோடந்தூர், தளிஞ்சி என்று ஆனைமலைக் காட்டுக்குள் சிறு சிறு ஊர்கள் இருக்கின்றன. முதுவர், புலையர் முதலிய பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். சாலையும் சிக்னலும் மிக மெதுவாகவே மலை ஏறுகின்றன. நோயாளியையும் கர்ப்பிணியையும் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து வந்த செய்தியைப் பத்திரிகைகளில் பலமுறை படித்திருக்கிறோம்.

இந்த மூன்று வகை ஊர்களுக்கும் ஒரே பையில் இருந்து பணம் கொடுப்பது என்று வைத்துக் கொள்ளுங்கள். யார் முதலில் கை நீட்டுவார்கள்? டவுன்தான். யாருக்குக் குரல் குறைவு? மலைக்குத்தான்.

வாய்க்கால் சொல்லும் பாடம்

உடுமலை விவசாயிக்கு இது புதிய விஷயம் அல்ல. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தில் அவர் பார்த்ததுதான்.

அந்தத் திட்டத்தில் பாசன நிலம் சுமார் 3 லட்சத்து 77 ஆயிரம் ஏக்கர். அவ்வளவு நிலத்துக்கும் ஒரே சமயத்தில் விடத் தண்ணீர் கிடையாது. ஆகவே நிலத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்தார்கள். ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் விடும்போது மற்ற மண்டலங்கள் காத்திருக்கின்றன. இருப்பது கொஞ்சம் என்றால், முறை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இதை எல்லோரும் ஒப்புக் கொண்டார்கள்.

ஆனால், முறை வைத்தால் மட்டும் போதுமா? போதாது. வாய்க்காலில் தண்ணீர் முதலில் தலைமடைக்கு வரும். கடைமடைக்குப் போய்ச் சேருவதற்குள் இளைத்துவிடும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் கடைமடை விவசாயிகள், "எங்கள் பங்கு எங்களுக்கு வந்து சேரவில்லை" என்று பலமுறை குரல் எழுப்பி இருக்கிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் தானாகப் போகாது. அதைக் கண்காணித்துக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும்.

டவரும் அப்படித்தான். லாபம் இருக்கும் டவுனுக்குக் கம்பெனிகளின் பணம் தானாக ஓடி வரும். அது தலைமடை. அறுபது வீடு உள்ள மலை ஊருக்கு அந்தப் பணம் ஏறாது. அது கடைமடை. ஆகவே சர்க்கார் பணம் எங்கே போக வேண்டும்? கடைமடைக்குத்தான் முதலில் போக வேண்டும். இதுதான் என் கட்சி.

பணம் எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி நடந்தது. கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்காள முதல்-மந்திரி ஜோதிபாசு பேசினார். டெல்லியில் மத்திய மந்திரி சுக்ராம் கேட்டார். அப்போது ஒரு நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். பேசுகிறவருக்கும் காசு. கேட்கிறவருக்கும் காசு. செல்போன் பணக்காரர் கையில் மட்டும் இருந்தது.

2003-ம் ஆண்டில் கேட்கிறவருக்குக் கட்டணம் போனது. அதன் பிறகு செல்போன் எல்லோர் கைக்கும் வந்தது.

இதற்கிடையே, 2002-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்தது. கிராமங்களுக்காக ஒரு தனி நிதி ஏற்படுத்தியது. டெலிபோன் கம்பெனிகள் தங்கள் கணக்கிட்ட வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் அந்த நிதிக்குக் கட்ட வேண்டும். 2023-ம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றினார்கள்.

கம்பெனி கட்டுகிறது என்று சொன்னாலும், அந்த ஐந்து ரூபாய் எங்கே இருந்து வந்தது? நாம் செய்யும் ரீசார்ஜில் இருந்துதான் வந்தது. டவுன்காரரும் கொடுத்தார். தோட்டக்காரரும் கொடுத்தார். அது கடைமடையின் பெயரால் வசூலான பணம். அதைக் கடைமடைக்குச் செலவு செய்வது தர்மம் அல்ல, கடன்.

2022-ம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய மந்திரிசபை ஒரு திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தது. சிக்னல் எட்டாத 24 ஆயிரத்து 680 கிராமங்களுக்கு 4ஜி கொடுப்பது. 2ஜி, 3ஜி மட்டும் உள்ள 6 ஆயிரத்து 279 கிராமங்களை 4ஜிக்கு உயர்த்துவது. செலவு 26 ஆயிரத்து 316 கோடி ரூபாய். பொறுப்பு பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு. பணம் மேலே சொன்ன நிதியில் இருந்து.

இது பெரிய தொகையாகத் தெரியலாம். அதே 2022-ல் அலைக்கற்றை ஏலத்தில் மத்திய சர்க்காருக்குக் கிடைத்த ஏலத்தொகை ஒரு லட்சத்து 50 ஆயிரத்து 173 கோடி ரூபாய். அதோடு ஒப்பிட்டால் கிராமத் திட்டத்தின் செலவு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி, பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி சேவையைப் பிரதமர் ஒடிசாவில் தொடங்கி வைத்தார். நம் நாட்டிலேயே உருவாக்கிய கருவிகளைக் கொண்டு அது அமைந்தது. நல்ல செய்திதான். ஆனால் நாடு முழுவதும் எத்தனை ஆயிரம் டவர் என்ற கணக்கு, நம் மலை ஊரில் போன் பேச முடிகிறதா என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. அந்தக் கணக்கை ஊர் ஊராகத்தான் பார்க்க வேண்டும்.

2ஜி, 4ஜி, 5ஜி என்றால் என்ன?

ஜி என்பது தலைமுறை. 2ஜியில் பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். 3ஜியில் இன்டர்நெட் கொஞ்சம் வேகமாக வந்தது. 4ஜியில் படம் பார்க்கலாம், பாடம் படிக்கலாம், பணம் அனுப்பலாம். 5ஜி அதைவிடப் பல மடங்கு வேகம். இந்தியாவில் அது 2022 அக்டோபர் 1-ந் தேதி வந்தது.

ஒரு விஷயம் கவனியுங்கள். கோயில் திருவிழாவில் உறுமிச் சத்தம் அடுத்த ஊர் வரை கேட்கும். சலங்கைச் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். கனத்த ஒலி தூரம் போகும், மெல்லிய ஒலி போகாது. ரேடியோ அலைகளும் ஏறக்குறைய இப்படித்தான். 700 மெகாஹெர்ட்ஸ் என்னும் தாழ்ந்த அலை நெடுந்தூரம் போகும். 5ஜிக்கு மிகுதியாகப் பயன்படும் 3 ஆயிரத்து 300 மெகாஹெர்ட்ஸ் அலை அவ்வளவு தூரம் போகாது. அதற்கு நெருக்கமாகப் பல டவர்கள் வேண்டும். நெருக்கமாக ஜனங்கள் வாழும் டவுனுக்கு அது சரி. சிதறிக் கிடக்கும் மலைக்குத் தாழ்ந்த அலையே சிக்கனம்.

ஆகவே, "மலைக்கும் 5ஜி கொடு" என்று நான் கேட்கவில்லை. பேசுவதற்கும், பாடத்துக்கும், பணத்துக்கும் போதுமான 4ஜி கொடுத்தால் போதும்.

ஒரு கணக்குப் போடுவோம்

உதாரணத்துக்கு, கையில் 100 ரூபாய் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். வேலைகள் நான்கு.

ஒன்று: பழைய டவர்களுக்குப் பேட்டரி மாற்றுவது. செலவு 10 ரூபாய்.

இரண்டு: சமவெளிக் கிராமத்து 2ஜி டவரை 4ஜி ஆக்குவது. செலவு 30 ரூபாய்.

மூன்று: சிக்னலே இல்லாத மலை ஊருக்குப் புது டவர். செலவு 60 ரூபாய்.

நான்கு: டவுனில் 5ஜி. செலவு 50 ரூபாய்.

நான்கையும் செய்ய 150 ரூபாய் வேண்டும். எதை விடுவது?

தலை எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் டவுன் 5ஜி, கிராமத்து 4ஜி, பேட்டரி மூன்றையும் எடுப்பார். 90 ரூபாய் ஆகும். மலை நின்று போகும். அடுத்த ஆண்டும் இதே கணக்குப் போட்டால் மலை மறுபடியும் நின்று போகும். பத்து ஆண்டு போட்டாலும் மலைக்கு முறை வராது.

நான் வேறு மாதிரி கணக்குப் பார்க்கிறேன். "இந்த வேலையைச் செய்யாவிட்டால் யாருக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்கிறேன்.

டவுனில் 5ஜி வராவிட்டால் சினிமாப் படம் இறங்கக் கொஞ்சம் நேரம் ஆகும். மலையில் டவர் வராவிட்டால், பாம்பு கடித்தவருக்காக 108-ஐக் கூப்பிட முடியாது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-ல் வந்தது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றி இருக்கிறது. ஆனால் கூப்பிட முடிந்தவனுக்குத்தானே அது வரும்?

ஆகவே என் வரிசை இது: பேட்டரி 10, மலை டவர் 60, கிராமத்து 4ஜி 30. நூறு ரூபாயும் தீர்ந்தது. டவுன் 5ஜி? அதற்குத் தனியார் கம்பெனிகள் தாமாகவே வருகின்றன. சர்க்கார் பணம் அங்கே அவசரம் இல்லை.

முதலில் ஏன் பேட்டரி?

"மலைக்குப் பரிந்து பேசுகிறீர், முதல் இடத்தைப் பேட்டரிக்குக் கொடுத்துவிட்டீரே!" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

டவர் என்பது வெறும் இரும்புக் கம்பம். அதற்கு மூன்று வேண்டும். மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பேட்டரி வேண்டும். பேச்சை வெளியே கொண்டு போகக் கேபிளோ, டவருக்கு டவர் அலை வழியோ வேண்டும். இதில் ஒன்று அறுந்தாலும் டவர் ஊமை.

மழைக் காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும். நோய், வெள்ளம், யானை எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். அப்போது பேட்டரி அரை மணி நேரத்தில் படுத்துவிட்டால், அந்த டவருக்குச் செலவழித்த பணம் முழுவதும் வீண். புது மாடு வாங்குவதற்கு முன், இருக்கிற மாட்டுக்குத் தீவனம் போட வேண்டும். கிராமத்திலே பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டவர் திறந்த அன்று மாலை போட்டுப் படம் எடுப்பார்கள். பேட்டரி மாற்றினால் யாரும் படம் எடுப்பதில்லை. அதனால்தான் இந்த வேலை எப்போதும் பின்னால் போகிறது.

வால்பாறை காட்டிய வழி

"கொஞ்சம் சிக்னலால் என்ன ஆகிவிடும்?" என்று சிலர் கேட்கலாம். பக்கத்தில் வால்பாறைக்குப் போய்ப் பாருங்கள்.

அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடமாடுகின்றன. இருட்டில் யானை நிற்பது தெரியாமல் போய்ப் பலர் உயிரை விட்டார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பின் விஞ்ஞானி ஆனந்தகுமார் ஒரு வழி கண்டார். எந்தத் தோட்டத்தில் யானை நிற்கிறது என்று மாலையில் குறுஞ்செய்தி அனுப்புவது. முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்து, செல்போன் மூலம் அதை எரிய விடுவது. இவ்வளவுதான். வனத்துறையும் தோட்டத் தொழிலாளர்களும் கை கொடுத்தார்கள். சாவு குறைந்தது. 2015-ல் அவருக்கு விட்லி விருது என்னும் உலகப் பரிசு கிடைத்தது.

இதற்கு 5ஜி தேவைப்பட்டதா? இல்லை. சாதாரணக் குறுஞ்செய்தி போதுமாக இருந்தது. ஒன்றுமே இல்லாத இடத்துக்குக் கொஞ்சம் கொடுத்தால் உயிர் பிழைக்கிறது. நிறைய இருக்கும் இடத்துக்கு இன்னும் கொடுத்தால் வசதி கூடுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

எதிர்க்கட்சி வாதம்

என் கட்சிக்கு எதிராகவும் நியாயம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

"டவுனில் வாடிக்கைக்காரர் போய்விட்டால் பி.எஸ்.என்.எல். எப்படிப் பிழைக்கும்? டவுனில் சம்பாதித்தால்தானே மலையில் செலவு செய்யலாம்?" என்பார்கள். உண்மைதான். தனியார் 4ஜி கொடுத்துப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பி.எஸ்.என்.எல். முழு அளவில் 4ஜிக்கு வந்தது. அதற்குள் ஏராளமான வாடிக்கைக்காரர்கள் போய்விட்டார்கள்.

இதற்கு வழி, இரண்டு உண்டியல் வைப்பது. வியாபாரத்தில் வரும் பணம் ஒரு உண்டியல். அதை டவுனில் போட்டி போடச் செலவு செய்யட்டும். கிராம நிதி மற்றொரு உண்டியல். அதில் டவுன் கை வைக்கக் கூடாது. இரண்டையும் கலந்தால் மலைப் பங்கு காணாமல் போகும்.

"காட்டுக்குள் டவர் வைத்தால் காடு கெடாதா?" என்பது இன்னொரு கேள்வி. ஆனைமலை புலிகள் காப்பகம். அங்கே கண்டபடி தோண்ட முடியாது. தோண்டவும் கூடாது. ஆனால் சட்டம் வழியை அடைத்துவிடவில்லை. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில், பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர் ஆகியவற்றோடு மின்சாரக் கம்பிக்கும் தொலைத் தொடர்புக் கம்பிக்கும் இடம் கொடுக்கலாம் என்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை சிபாரிசு செய்ய வேண்டும். இந்த வரம்புக்குள், ஏற்கனவே கட்டடம் இருக்கும் இடமாகப் பார்த்து, வெயிலில் ஓடும் மின்சாரம் வைத்து டவர் எழுப்பினால் காட்டுக்குக் கேடு மிகக் குறைவு.

வீட்டுக்கு வீடு வேண்டாம், ஊருக்கு ஒன்று

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். முன்பு வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லை. பஞ்சாயத்து ரேடியோ ஒன்று இருந்தது. மாலையில் ஊரே கூடிச் செய்தி கேட்டது. விவசாய நிகழ்ச்சி கேட்டது.

இன்றைக்கும் அந்த யோசனை பழசாகிவிடவில்லை. எல்லா மலை ஊருக்கும் டவர் ஒரே ஆண்டில் வராது. அது வரும் வரை பள்ளிக்கூடத்திலோ ரேஷன் கடையிலோ ஒரு பொது இன்டர்நெட் வைக்கலாம். டவருக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான் ஆகும். சிறு கடைக்காரரும் பொதுமக்களுக்கு வைஃபை கொடுக்கலாம் என்று 2020 டிசம்பரில் மத்திய சர்க்காரே ஒரு திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறது. நம் ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துத்தான் பொருள் கொடுக்கிறார்கள். கைரேகை சரி பார்க்க இன்டர்நெட் வேண்டும். அது இல்லாவிட்டால், அரிசி வாங்கப் போனவர் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

சர்க்கார் ஒவ்வொரு வேலையையும் செல்போனுக்கு மாற்றிக் கொண்டு வருகிறது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் செல்போனில் படம் பிடித்து வருகைப் பதிவு செய்வதைக் கட்டாயம் ஆக்கினார்கள். சிக்னல் இல்லாத இடங்களில் கூலி பாதிக்கிறது என்று நாட்டின் பல பகுதிகளில் இருந்து புகார் எழுந்தது. சிக்னல் கொடுக்காமல் செல்போனைக் கட்டாயம் ஆக்குவது என்ன நியாயம்? முதலில் சிக்னல், பிறகு கட்டாயம். இந்த வரிசையும் மாறக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

"இதெல்லாம் டெல்லியில் முடிவாகும் விஷயம். நாம் என்ன செய்ய முடியும்?" என்று இருந்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடத்த வேண்டும் என்று 2022-ல் முடிவு செய்தார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளில் ஒரு நாள், உங்கள் ஊர் சிக்னல் கணக்கைக் கேளுங்கள்.

எந்தக் குடியிருப்பில் சிக்னலே இல்லை? எங்கே டவர் இருந்தும் மின்சாரம் போனால் ஊமை ஆகிறது? அவசரத்துக்கு 108-ஐக் கூப்பிட எத்தனை தூரம் நடக்க வேண்டும்? பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரியில் இன்டர்நெட் உண்டா? இந்த நான்கு கேள்விக்கும் பதிலை எழுதித் தீர்மானம் போடுங்கள். அதைக் கலெக்டருக்கும் பி.எஸ்.என்.எல். அலுவலகத்துக்கும் உங்கள் எம்.பி.க்கும் அனுப்புங்கள். காகிதத்தில் வராத கஷ்டம் கணக்கில் வராது.

டவுனில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலைக்காரர் குரல் தாலுகா ஆபீஸ் வரை வந்து சேருவது கடினம். உங்கள் குரல் சுலபமாகப் போய்ச் சேரும். உங்கள் தெருவுக்கு 5ஜி கேட்டு மனு எழுதும்போது, குழிப்பட்டிக்கும் மாவடப்புக்கும் சேர்த்து ஒரு வரி எழுதுங்கள். மலையில் பெய்யும் மழைதான் நம் வாய்க்காலில் ஓடுகிறது. அந்தத் தண்ணீருக்கு நாம் இன்னும் நன்றி செலுத்தி முடிக்கவில்லை.